‘வர இயலவில்லை’ என்றொரு பொத்தான்

செம்மலுக்குப் பயம் வந்தால் வாய் ஓயாது. அன்று காலை புதுக்கோட்டையில் காரைக் கிளப்பியதிலிருந்து ஆவுடையார்கோவில் எல்லை வரைக்கும் அது ஒரு நிமிஷம்கூட ஓயவில்லை.

"மேடம், பின்னாடி ஒரு வெள்ளை பொலிரோ வருது."

"அறந்தாங்கியிலேர்ந்து வருது. பாத்துட்டேன்."

"பாத்துட்டா இப்படி உக்காந்திருக்கீங்க?"

"அது ஐஸ்பெட்டி ஏத்திக்கிட்டுக் கோட்டைப்பட்டினம் போற மீன் வண்டி. நீ ரோட்டைப் பாரு."

பொலிரோ ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. மீன் நாற்றம் காருக்குள் வந்த பிறகுதான் செம்மல் மூச்சுவிட்டான். மீன் நாற்றத்துக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை இந்த ஜில்லா பார்த்திருக்காது.

பக்கத்தில் இருந்த பிளெஸ்ஸிக்கு நாற்பத்தாறு வயது. பாலிடெக்னிக்கில் பதினைந்து வருஷம் கம்ப்யூட்டர் பாடம் நடத்திவிட்டு, ஒருநாள் வேலையை உதறி, கீழ ராஜ வீதியில் ஒரு மாடிப்படிக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் போட்டவள். செம்மல் அந்த மாடிப்படிக்குக் கீழே செல்போன் ரிப்பேர் கடை வைத்து நொடித்துப் போனவன். முப்பத்தைந்து வயசு ஆள், ஆறு வருஷமாக அவளுக்கு டிரைவர், உதவியாளர், வாயாடி எல்லாம் அவன்தான்.

இந்த வழக்கில் அவன் பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. பொன்னமராவதி காவ்யா, சிவபிரகாஷைக் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்து ஒரு மாதம் ஆகிறது. திருச்சியில் பதிவு முடிந்து வெளியே வந்தபோதே அவள் அண்ணன் நாகராசு, ஒரு வெள்ளை பொலிரோவில் நாலு பேரோடு வந்து சிவபிரகாஷின் இடது கையை முறித்துவிட்டான். "அடுத்த தடவை கையோட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டும் போனான். அன்றிலிருந்து இருவரையும் ஆவுடையார்கோவிலில், கோயிலுக்குத் தெற்கே ஒரு சந்து வீட்டில் ஒளித்து வைத்திருப்பது பிளெஸ்ஸி. காவ்யாவுக்குப் புது சிம் வாங்கிக் கொடுத்தது செம்மல்.

அந்தப் புது நம்பருக்குத்தான் இன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு ஃபைல் வந்திருந்தது. முன்பின் தெரியாத நம்பரிலிருந்து, ஒரு வார்த்தை எழுதாமல், ஃபைல் மட்டும். அதன் பெயர் 'காதணி விழா'.

"அந்த நம்பர் ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவங்க ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றாள் பிளெஸ்ஸி.

"மேடம், சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லலை. என் பொண்டாட்டிக்கே தெரியாது. அவளுக்கு எதுவும் தெரியாதுங்கிறது வேற விஷயம்."

அவள் சிரிக்கவில்லை. சிம் வாங்கிய கடையில் யாராவது எட்டிப் பார்த்திருப்பார்களோ, ரீசார்ஜ் பண்ணும்போது நம்பரைச் சத்தமாகச் சொல்லித் தொலைத்தோமோ என்று வழியெல்லாம் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டு வந்தான்.

சந்து வீட்டுக் கதவைத் தட்டியதும் உள்ளே சத்தம் நின்றது. "நான்தான், பிளெஸ்ஸி" என்ற பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. சிவபிரகாஷ் கட்டுப் போட்ட கையோடு நின்றான். மற்ற கையில் தேங்காய் உரிக்கிற கம்பி. அவனுக்குப் பின்னால் காவ்யா, முகத்தில் ரத்தமே இல்லாமல் இருந்தாள்.

"போனைக் குடும்மா. அந்த ஃபைலைத் தொறந்தியா?"

"இல்லக்கா. நீங்கதான் எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே."

பிளெஸ்ஸி போனை ஃபிளைட் மோடில் போட்டு எல்லாத் தொடர்பையும் அறுத்தாள். பையிலிருந்து ஒரு கிழட்டு லேப்டாப்பை எடுத்தாள். அதன் வைஃபை அட்டையைச் செம்மல்தான் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி எறிந்திருந்தான். உலகத்தோடு அதற்கு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. ஒரு கேபிள் வழியாக அந்த ஃபைல் மட்டும் அதற்குள் போனது.

"டபுள் கிளிக் பண்ணா என்னன்னு தெரிஞ்சிரும்ல?" என்றான் சிவபிரகாஷ்.

"தெரிஞ்சிரும். நமக்கு இல்ல, அனுப்பினவனுக்கு" என்றாள் பிளெஸ்ஸி. "பிரவுசர்ல தொறந்தா அது சொல்றதையெல்லாம் பிரவுசர் செஞ்சிரும். மேப்பைக் கேட்டா மேப், கேமராவைக் கேட்டா கேமரா. நமக்கு அது செய்ய வேண்டாம். என்ன செய்யச் சொல்லுதுன்னு படிச்சா போதும். செம்மல், நோட்பேட்ல தொற."

திரையில் எழுத்துக் குப்பையாகக் கொட்டியது. எண்ணும் எழுத்தும் சாய்கோடும் பிசைந்து, மூச்சு விட இடமில்லாமல் நூறு வரி.

"மேடம், எங்க வீட்டுப் பூனை கீபோர்டு மேல நடந்தாக்கூட இதைவிட அர்த்தமா வரும்."

"அர்த்தம் தெரியக்கூடாதுன்னுதான் இப்படிப் பண்ணியிருக்கான். உள்ளதை எண்ணா மாத்தி, தலைகீழாக்கி, துண்டு துண்டாக்கி வச்சிருக்கான். ஆனா ஓடுறப்ப அதுவே தன்னைப் பிரிச்சாகணும். அதனால பூட்டோட சாவியையும் கூடவே வச்சுத்தான் அனுப்பணும். கடைசி வரிக்குப் போ. ஒரே ஒரு வார்த்தை தனியா நிக்கும்."

நின்றது. இந்தக் குப்பையையெல்லாம் பிரித்துச் 'செய்' என்று கட்டளையிடுகிற வார்த்தை அது.

"அதை அழிச்சிட்டு 'காட்டு'ன்னு போடு. பிரிக்கிற வேலையை அதுவே செய்யட்டும். பிரிச்சதைச் செய்யாம நம்மகிட்ட காட்டட்டும். பிரவுசர்ல இல்ல, இங்க, இந்தக் கறுப்புத் திரையில ஓட்டு. இதுக்கு மேப்பும் தெரியாது, கேமராவும் தெரியாது. மீறி என்னமாச்சும் பண்ணுச்சுன்னா போறது இந்தக் கிழட்டு லேப்டாப்தான்."

செம்மல் வார்த்தையை மாற்றிவிட்டு எண்டர் பட்டன் மேல் விரலை வைத்தான். அவன் வாழ்க்கையில் எத்தனையோ எண்டர் தட்டியிருக்கிறான். ஒன்றுக்கும் இப்படி யோசித்ததில்லை.

தட்டினான். குப்பை போய் வேறு குப்பை வந்தது. கொஞ்சம் சின்னக் குப்பை.

"இன்னொரு தோல். கடைசியில அதே வார்த்தை இருக்கா பாரு."

இருந்தது. மாற்றப்போன நேரத்தில் சந்தில் ஒரு வண்டி வந்து நின்றது. டீசல் இன்ஜின்.

சிவபிரகாஷ் கம்பியை இறுக்கிப் பிடித்தான். காவ்யா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே கதவு அறைகிற சத்தம், ஆள் இறங்குகிற சத்தம், இரும்பு இழுபடுகிற சத்தம். இரும்பென்றால் அரிவாளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் செம்மலுக்குச் சந்தேகமே இல்லை.

"கேஸ்..." என்று ஒரு குரல் நீட்டியது. பக்கத்து வீட்டில் சிலிண்டர் உருண்டது.

செம்மல் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடித் திறந்தான். "நமக்கும் ஒண்ணு சொல்லிருவோமா?" என்றான். குரல் கீச்சென்று வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது எண்டரில் குப்பை தெளிந்தது. வரி வரியாக, படிக்கிற மாதிரி வந்து நின்றது. பிளெஸ்ஸி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழ்ப்பகுதியைப் படித்தாள். மேல்பகுதியைச் செம்மல் படித்தான்.

"இது காதுகுத்துப் பத்திரிகைதான்" என்றாள் பிளெஸ்ஸி. "நாகராசு மகனுக்கு. பேர் எழுத ஒரு கட்டம் இருக்கு. வாரீங்களான்னு கேக்குது. பொத்தானை அமுக்கின உடனே இருக்கிற இடத்தைக் கேக்கும். அனுமதி குடுத்தா இடமும் போகும். குடுக்காட்டியும் பேரும் நேரமும் ஒரு எண்ணும் நாகராசு போனுக்குப் போயிரும்."

"என்ன எண்ணுக்கா?" என்றான் சிவபிரகாஷ்.

"மேல ஒரு பட்டியல் இருக்கு" என்று செம்மல் முந்திக்கொண்டான். "அம்மா, அண்ணி, சித்தி, தோழி. நாலு பேரு. இவங்க நாலு பேருக்கும் ஆளுக்கொரு ஃபைல் அனுப்பியிருக்கான் மேடம். ஒவ்வொண்ணுலயும் ஒரு எண். இதுல உள்ளது ஒண்ணு. அம்மா!"

சொல்லும்போதே அவனுக்கு உடம்பெல்லாம் லேசானது. நம்பர் தன்னால் வெளியே போகவில்லை.

பிளெஸ்ஸி மெதுவாகத் தலையாட்டினாள். "கெட்டிக்காரன். ஊருக்கெல்லாம் அச்சடிச்ச பத்திரிகை. சந்தேகப்படுற நாலு பேருக்கு மட்டும் இந்தப் பத்திரிகை. அவனுக்குக் காவ்யா நம்பர் தெரியாது. தெரிஞ்சவங்க யாரோ இதை அவளுக்குத் தள்ளிவிடுவாங்கன்னு தெரியும். அடிதடியில கிடந்தாலும் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்காம விட எந்தப் பொம்பளைக்கும் மனசு வராதுன்னு கணக்குப் போட்டிருக்கான். யார் போன்லேர்ந்து தள்ளினாலும் அந்த எண் கூடவே போகும்."

காவ்யா அழ ஆரம்பித்தாள். "பத்து நாளைக்கு முன்னாடி அம்மாவுக்குப் பேசினேன்க்கா. அஞ்சே நிமிஷம். குரலைக் கேக்காம இருக்க முடியலை."

சிவபிரகாஷ் அவளைப் பார்த்தான். திட்டுவான் என்று செம்மல் நினைத்தான். அவன் திட்டவில்லை, கம்பியைச் சுவரோரம் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"வரலைன்னு அமுக்கினாக்கூடவாக்கா எல்லாம் போயிரும்?" என்றாள் காவ்யா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பிளெஸ்ஸி கண்ணாடியைக் கழற்றினாள்.

"வரலைன்னு ஒரு பொத்தான் இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே, காவ்யா."

பக்கத்து வீட்டில் சிலிண்டர்க்காரன் யாரோடோ சிரித்துப் பேசுவது மட்டும் கேட்டது.

"ரெண்டு பொத்தான் இருக்கு. 'அவசியம் வருகிறேன்', 'வர இயலவில்லை'. இங்க எழுத்தாத்தான் இருக்கு. பொத்தானா பாத்தது நீ மட்டும்தான். எத்தனை மணிக்கு?"

"ஒம்பது இருபது" என்றாள் காவ்யா, தலையைக் குனிந்துகொண்டு. "பிள்ளை படம் போட்டிருந்துச்சுக்கா. பல்லு முளைச்சிருக்கு. நான் பாக்கவே இல்லை. வர முடியாது, வரலைன்னாவது சொல்லணும்ல, பத்திரிகை வச்சவங்களுக்கு... அமுக்கின உடனே இடத்தைக் கேட்டுச்சு. பயந்து போயி, வேண்டாம்னு அமுக்கிட்டேன். அப்புறம்தான் ஒங்களுக்குப் போன் பண்ணேன்."

"இடத்துக்கு வேண்டாம்னுதானே போட்ட? நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்க்கா."

"பேரு?"

"என் பேரைப் போடலை. 'அத்தை'ன்னு மட்டும் போட்டேன்."

"அந்தப் பிள்ளைக்கு எத்தனை அத்தை?"

காவ்யா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஒருத்திதான்."

செம்மலுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அதை அவன் பிற்பாடு நினைத்து வெட்கப்பட்டான். "இடம் போகலைல்ல மேடம்? அப்ப அவனுக்கு நாம எங்க இருக்கோம்னு தெரியாது. ஆள் உயிரோட இருக்குன்னு மட்டும் தெரியும். அதனாலதான் ரெண்டு மணி நேரமா ஒரு ஈ காக்கா வரலை."

"ஆமா" என்றாள் பிளெஸ்ஸி. "அவனுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். நாலு பேர்ல யாருக்குக் காவ்யாவோட தொடர்பு இருக்குங்கிறது. ஒம்பது இருபதுலேர்ந்து அவன் அவங்ககிட்டதான் கேட்டுக்கிட்டு இருப்பான்."

"ஐயோ, அம்மா" என்று எழுந்தாள் காவ்யா. "இல்லக்கா, அம்மா நேத்தே பத்திரிகை வைக்கக் காரைக்குடி போயிருக்கணும், பேசுன அன்னைக்கே சொல்லுச்சு. சித்தி வீட்டுலதான் இருக்கும். அண்ணன் அங்க போயிக் கை வைக்க முடியாது."

பிளெஸ்ஸியின் முகம் மாறியது. "அப்ப காலையில இதை அனுப்பினது அம்மாதானா? செம்மல், அந்த எண் என்ன?"

"ஒண்ணு மேடம். அம்மா, அண்ணி, சித்தி, தோழி. ஒண்ணாவது அம்மா."

"கம்ப்யூட்டர் ஒண்ணுலேர்ந்து எண்ணாதுடா. பூஜ்யத்துலேர்ந்து எண்ணும். அம்மாவுக்கு எண் பூஜ்யம்."

செம்மல் திரையைப் பார்த்தான். அவசரத்தில், பயத்தில், தன் தலை தப்பியதே போதும் என்ற சந்தோஷத்தில் கடைக்காரன் மாதிரி விரல் விட்டு எண்ணியிருக்கிறான். அவன் விரல் இரண்டாவது பெயருக்கு நகர்ந்தது.

"அண்ணி" என்றான்.

"மோகனப்ரியா அண்ணியா?" காவ்யாவின் குரல் உள்ளே போய்விட்டது. "அம்மாவுக்கு நம்பர் போடத் தெரியாதுக்கா. அண்ணிதான் போட்டுக் குடுக்கும். அன்னைக்கு நான் பேசின நம்பரை அதுதான் எடுத்து வச்சிருக்கும். அதுக்கு என் மேல உசுருக்கா. பிள்ளைக்கு அத்தை இல்லாம காது குத்துறதான்னு நெனச்சிருக்கும்."

நாகராசு சந்தேகப்பட்டது சொந்தப் பெண்டாட்டியையும் சேர்த்துத்தான். பொறி வைத்தான், பொறியில் அவள் பெயர் விழுந்தது. அவன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவளை விசாரித்தால் தட்டிக் கேட்க ஆளில்லை.

பிளெஸ்ஸி தன் போனை எடுத்து, ஃபைல் வந்த அந்தத் தெரியாத நம்பரைப் போட்டாள். ஸ்பீக்கரில் ஒரு வயதான பெண் குரல்.

"யாருங்க?"

"இந்த நம்பர்லேர்ந்து காலையில ஒரு பத்திரிகை வந்துச்சு. நீங்க யாருன்னு தெரியலை."

"நான் கண்ணாத்தாள். பக்கத்து வீடு. மோகனப்ரியா என் போன்லேர்ந்துதான் அனுப்புச்சு." குரல் திடீரென்று தணிந்தது. "நீங்க அதுக்குச் சொந்தமா? அங்கிட்டு என்னமோ சரியில்லைங்க. அவரு ஒம்பதரைக்கு வந்து கதவைச் சாத்துனாரு. இன்னும் தொறக்கலை. பிள்ளை கத்திக் கத்தி இப்பத்தான் ஓஞ்சுச்சு. நான் போயித் தட்டுனேன், போயிரு கெழவின்னுட்டாரு."

காவ்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிளெஸ்ஸி வரிசையாகப் போன் போட்டாள். பொன்னமராவதி ஸ்டேஷனில் ஜீப் ஒரு விபத்துக்காக வெளியே போயிருந்தது, திரும்ப அரை மணி ஆகும் என்றார்கள். புதுக்கோட்டையில் அவளுக்குத் தெரிந்த பெண் சப்-இன்ஸ்பெக்டர் உடனே ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பினாலும் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணியில் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"நான் அண்ணனுக்குப் பேசுறேன்" என்றாள் காவ்யா. "இங்கதான் இருக்கேன்னு சொல்லிடறேன். அவன் கெளம்பி வருவான். அண்ணியை விட்டுருவான்."

"காவ்யா!" என்றான் சிவபிரகாஷ்.

"பேசினா நம்பமாட்டான்மா" என்றாள் பிளெஸ்ஸி. "ஏமாத்துறன்னு நெனச்சு அவளை இன்னும் அடிப்பான்."

காவ்யா லேப்டாப் திரையைப் பார்த்தாள். அழுகை நின்றிருந்தது.

"நான் சொன்னா நம்பமாட்டான். அவன் வச்ச பொறி சொன்னா நம்புவான்லக்கா?"

பிளெஸ்ஸி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். மாணவர்கள் யாராவது தன்னைவிட நல்ல விடை எழுதிவிட்டால் பார்க்கிற பார்வை அது. பிறகு அவள் விரல்கள் வேகமாக ஓடின. எந்த முகவரிக்கு, எந்த வரிசையில், எப்படிப் போக வேண்டும் என்பதெல்லாம் பிரித்துப் போட்ட அந்த வரிகளிலேயே இருந்தது. அதே எண், அதே 'அத்தை'. இடம் மட்டும் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஒரு லாட்ஜின் இடம். அந்தப் பெண் சப்-இன்ஸ்பெக்டருக்கு மறுபடி போன் போட்டு, அங்கே ஆட்களைக் காத்திருக்கவும் சொன்னாள்.

"மறுபடி தொறந்து, இந்தத் தடவை அனுமதி குடுத்த மாதிரி இருக்கணும்" என்றாள். "பதில் என்ன போட? வர இயலவில்லையா?"

"வரேன்னு போடுங்கக்கா" என்றாள் காவ்யா. "மனசு மாறி மறுபடி அமுக்கின மாதிரி இருக்கட்டும்."

பிளெஸ்ஸி தன் போன் வழியாக அந்த ஒற்றை வரியை அனுப்பினாள். இங்கிருந்து போனது என்று தெரியாத வழியாகத்தான் அனுப்பினாள். ஆனாலும் அனுப்பிய பிறகு அவள் அந்த வரியையே திரும்பத் திரும்பச் சரிபார்த்ததைச் செம்மல் பார்த்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவை. அவனுக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு வேண்டியதில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது.

ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. சிவபிரகாஷ் ஜன்னல் ஓரமாக நின்று சந்துப் பக்கம் பார்த்தான். காவ்யா தரையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாகராசு நம்பாமல் போனால் என்ன என்ற கேள்வி நாலு பேர் மனசிலும் இருந்தது. லாட்ஜுக்குப் போகாமல் ஆத்திரத்தில் மோகனப்ரியாவை ஒரே அடியாக அடித்துப் போட்டிருந்தால் அந்தப் பழி யார் தலையில் விழும்? தானும் ஒரு பெயரைத் தப்பாக எண்ணி நேரத்தைக் கரைத்தவன்தான் என்று செம்மலுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பதினாறாவது நிமிஷம் போன் அடித்தது. கண்ணாத்தாள் நம்பர்.

பிளெஸ்ஸி ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு வேறொரு குரல், வீங்கிய உதட்டிலிருந்து வருகிற மாதிரி குழறலாக.

"அங்கிட்டு யாருன்னு தெரியலை. யாரா இருந்தாலும் காவ்யாகிட்ட உடனே சொல்லுங்க. அவரு போனைப் பாத்துட்டு வண்டியை எடுத்துக்கிட்டு ஓடிட்டாரு. நான் ஒண்ணுமே சொல்லலை, சாமி சத்தியமா ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா அவருக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. அவளை எங்கிட்டாவது ஓடிரச் சொல்லுங்க."

"அண்ணி" என்றாள் காவ்யா.

"காவ்யாவா? என்னடி இன்னும் அங்கேயே உக்காந்திருக்க? ஓடு!"

"அவன் இங்கிட்டு வரலை அண்ணி. நாங்கதான் அவனைப் புதுக்கோட்டைக்குப் போக வச்சோம். போலீஸ் நிக்குது. ஒங்களுக்கு என்ன ஆச்சு? பிள்ளை எங்க?"

அந்தப் பக்கம் ஒரு குழந்தை விக்கி விக்கி அழுவது கேட்டது.

"இடுப்புல வச்சிருக்கேன்" என்றாள் மோகனப்ரியா. இவ்வளவு நேரம் விரட்டிய குரல் இப்போது சின்னதாகிவிட்டது. "காவ்யா... ஒன்னைய ஒளிச்சு வச்சிருக்காங்கள்ல ஒரு இடம். அங்க இன்னும் ரெண்டு பேருக்கு எடம் இருக்குமா?"

காவ்யா பிளெஸ்ஸியைப் பார்த்தாள். பிளெஸ்ஸி செம்மலைப் பார்த்தாள்.

பொன்னமராவதிக்குத் திருமயம் வழியாகப் போனால் புதுக்கோட்டையைத் தொடாமல் போய்விடலாம். ஆனாலும் நடுவழியில் நாகராசு வண்டியைத் திருப்பினால் நேருக்கு நேர்தான். செம்மல் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தான்.

"ஒண்ணரை மணி நேரத்துல வந்துருவேன்னு சொல்லுங்க மேடம்" என்றான். "அதுவரைக்கும் அந்தம்மாவைக் கண்ணாத்தாள் வீட்டுக்குள்ள இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கிடச் சொல்லுங்க."